இரு நீலகிரிகளும் சாளக்கிராமச் சக்கரமும்

திருவாராதனப் பெட்டியில் எழுந்தருளியிருக்கும் சாளக்கிராம மூர்த்தியைக் குறித்து இக்காலத்தில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. அம்மூர்த்தியின் உள்ளே காணப்படும் சக்கரம், கடலில் வாழ்ந்து அழிந்துபோன ஓர் உயிரினத்தின் ஓட்டுச் சுவடு என்று நிலவியலார் கூறுகின்றனர். அக்கூற்று உண்மையாயின் அம்மூர்த்தியின் பெருமைக்குக் குறைவு உண்டோ என்பது முதல் வினா. அதே வகைச் சுவடுள்ள கல் வேறு நிலத்தில் கிடைத்தால் அதனையும் சாளக்கிராமமாகக் கொண்டு ஆராதிக்கலாமோ என்பது இரண்டாம் வினா. இவற்றைத் தனித்தனியே நோக்குவோர் முதல் வினாவுக்கு அஞ்சி விஞ்ஞானத்தை மறுப்பதும், இரண்டாம் வினாவுக்கு மயங்கிக் கண்ட கல்லையெல்லாம் கொண்டாடுவதும் உண்டு. இரண்டையும் ஒருங்கே நோக்கினால் ஒன்றன் விடையே மற்றதன் விடைக்கும் வழி காட்டும்.

இவ்வாராய்ச்சிக்குத் தமிழகத்து நீலகிரி தகுந்த நிலைக்களமாக அமைகிறது. அங்கே அத்தகைய சுவடு எதுவும் இல்லை, இருக்கவும் இயலாது. ஆயினும், சாளக்கிராமச் சக்கரத்தை உண்டாக்கிய உயிரினங்களுள் ஒன்றன் பெயரில் நிலைத்துவிட்ட பிளான்ஃபோர்டு என்னும் அறிஞர், முதலில் அளந்து ஆராய்ந்த மலைகளுள் நீலகிரியும் ஒன்று. மேலும், சாளக்கிராமம் கிடைக்கும் கண்டகி நதிக்கரையிலேயே நீலகிரி என்னும் பெயருடைய மற்றொரு மலையும் ஓங்கி நிற்கிறது.

நீலகிரி என்னும் பெயர்

வைணவர்களுக்கு நீலமலை என்ற பெயர் புதிதன்று. பூரி ஜகந்நாதன் எழுந்தருளியுள்ள இடம் நீலாசலம் என வழங்குகிறது. தமிழகத்து நீலகிரியின் பெயரும் ஒரு வைணவத் தொடர்பை நினைவூட்டுவது. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனுடைய தண்டநாயகன் புணிசன், தோதவர்களை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்ட செய்தியை 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. குருபரம்பரை நூல்கள் எம்பெருமானாரின் திருவடிகளை அடைந்தவனாகக் கூறும் மன்னன் அவ்விஷ்ணுவர்த்தனனே.

மூன்றாவது நீலகிரி நேபாளத்தில் முஸ்தாங் பகுதியில் உள்ளது. 7,061 மீட்டர் உயரமுள்ள அப்பனிமலை, காளி கண்டகி நதிக்குக் கிழக்கே, ஜோம்சோம் என்னும் ஊருக்கு மேலே நிற்கிறது. முக்திநாத்துக்கு யாத்திரை செல்வோர் அம்மலையின் அடிவாரத்தைக் கடந்தே செல்கின்றனர். உதகையின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரமுள்ளது. பெயர் ஒன்றாயினும் இவ்விரு மலைகளின் பிறப்பும் வேறு, கல்லும் வேறு. அவ்வேறுபாடே பின்வரும் ஆராய்ச்சிக்கு அடிப்படை.

தலமும் சிலையும்

நூற்றெட்டுத் திருப்பதிகளுள் வடநாட்டுத் திவ்யதேசங்களில் ஒன்றாக எண்ணப்படுவது திருச்சாளக்கிராமம். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் இதனைத் திருவுள்ளம் பற்றியுள்ளனர். திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழியில் முதற்பத்தில் ஐந்தாம் திருமொழி முழுவதும் இத்தலத்துக்குரியது. அங்கே ஆழ்வார் தம் நெஞ்சை விளித்து அத்தலத்தை அடையுமாறு உபதேசிக்கிறார். கல்லின் நிறம், துவாரம், சக்கரம் ஆகியவற்றின் இலக்கணம் அப்பாசுரங்களின் பொருள் அன்று. அங்கு உறைகின்ற எம்பெருமானும், அவன் உகந்த இடமுமே அங்குப் பேசப்படுகின்றன. தலத்தின் முதன்மையை ஆழ்வார் இவ்வாறு உணர்த்தியிருப்பது கருதத்தக்கது.

சிலையின் இலக்கணத்தை விரிப்பவை புராணங்கள். கருட புராணம், அக்னி புராணம் முதலியவை, சக்கரங்களின் எண்ணிக்கை, வாயின் அமைப்பு, வனமாலை போன்ற ரேகை, நிறம், பருமன் ஆகியவற்றைக் கொண்டு வாசுதேவன், சங்கர்ஷணன், நரசிம்மன், தாமோதரன் என மூர்த்திபேதங்களைப் பகுக்கின்றன. இக்கற்கள் கையால் செதுக்கப்படாதவை. ஆதலின் பிரதிஷ்டையை எதிர்பாராமல் சுயம்வியக்தமாகக் கொள்ளப்படுகின்றன. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளின் திருமேனி 16,008 சாளக்கிராமங்களாலும், திருவனந்தபுரம் அனந்தபத்மநாபனின் திருமேனி 12,008 சாளக்கிராமங்களாலும் கடுசர்க்கரை யோகத்தில் அமைந்தவை என்பது மரபு. கண்டகிக் கரையின் கல், குமரிக்கு அருகே வரையில் சுமந்து வரப்பட்டதாக அம்மரபு கூறுகிறது. வழியெல்லாம் ஆறுகளும் கற்களும் இருந்தும் அவை கொள்ளப்படவில்லை.

சக்கரத்தை உண்டாக்கிய உயிர்

நிலவியலார் அம்மோனைட்டு என்று அழைக்கும் உயிரினம், இன்றைய கணவாய்க்கும் பேய்க்கணவாய்க்கும் உறவுடையது. அதன் உடல் மென்மையானது. அதனைக் காத்தது சுருண்ட ஓடு. உயிர் வளருந்தோறும் ஓட்டின் வாயில் புதிய பகுதியைச் சேர்த்து முன்னே நகரும். பின்னே விட்ட இடத்தைக் குறுக்குச் சுவர் ஒன்றால் அடைத்துவிடும். இவ்வாறு அறை அறையாக ஓடு நீண்டு, ஒரு மையத்தைச் சுற்றிச் சுருள் சுருளாக விரியும். உயிர் குடியிருந்தது கடைசி அறையில் மட்டுமே. அடைத்த அறைகளில் காற்று நிரம்பியிருந்தமையால் அவ்வுயிர் நீரில் மிதக்க இயன்றது. எல்லா அறைகளையும் ஊடுருவி ஒரு மெல்லிய குழல் சென்றது. குறுக்குச் சுவர்கள் ஓட்டைத் தொடும் விளிம்பு நேர்கோடாக இராமல், இலையின் ஓரம்போல மடிந்து மடிந்து செல்லும். இம்மடிப்பைக் கொண்டே ஓரினத்தை மற்றோரினத்திலிருந்து பிரித்தறிகின்றனர்.

இவ்வுயிரினங்களின் முன்னோர் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றினர். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பேரழிவில் இக்குலம் முழுதும் மறைந்தது. கடற்கரைக் கடைகளில் காணும் நாட்டிலஸ் சிப்பி தோற்றத்தால் இதனை ஒத்தது. ஆயினும் அது வேறு கிளை.

அம்மோனைட்டு என்ற பெயரும் ஒரு தெய்வப் பெயரே. எகிப்தியர் வழிபட்ட அம்மோன் என்னும் தெய்வத்துக்கு ஆட்டுக் கொம்பு உண்டு. அக்கொம்பை ஒத்தது என்பதால் பண்டை உரோமர் இக்கல்லை அம்மோனின் கொம்பு என்றனர். இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் இதே கல், ஹில்டா என்னும் புனிதவதி கல்லாகச் சபித்த பாம்பு எனப்பட்டது. தலையில்லாத பாம்புகளுக்கு வணிகர் தலையைச் செதுக்கியும் விற்றனர். ஆகவே இச்சுருளைக் கண்டு தெய்வ சம்பந்தத்தை நினைத்தவர் பாரத தேசத்தார் மட்டும் அல்லர். அதன் இலக்கணத்தை வகைப்படுத்தி, நித்திய ஆராதனத்தில் வைத்ததே இத்தேசத்தின் சிறப்பு.

பிளான்ஃபோர்டின் பெயர்

சாளக்கிராமம் அம்மோனைட்டே என்று ஐரோப்பிய நூலில் எழுதியவர்களுள் முற்பட்டவர், புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு இயற்கையறிஞர் பியேர் சொன்னெரா. 1782-இல் வெளிவந்த தம் பயண நூலில், விஷ்ணுவின் வரலாற்றைக் கூறி முடிக்குமிடத்தில், இக்கல் அம்மோன் கொம்பு இனத்தைச் சேர்ந்த கல்லான சிப்பியே என்று அவர் குறித்தார். இமயத்தில் கிடைத்த ஒரு சுவட்டுக்கு 1830-களில் ஜான் எட்வர்டு கிரே என்னும் ஆங்கிலேயர் அம்மோனைட்டஸ் வாலிச்சி என்று பெயரிட்டார். கல்கத்தா தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்து நேபாளத்திலும் ஆய்வு செய்த நத்தானியேல் வாலிக்கின் நினைவாக அப்பெயர் அமைந்தது.

ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு 1855-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். அவருடைய முதற்பணிகளுள் ஒன்று நீலகிரி மலையின் நில அமைப்பை ஆராய்ந்து எழுதியது. அத்துறையின் நினைவேட்டு வரிசையின் முதல் தொகுதியில் அது வெளிவந்தது. பின்னர் அவர் மலையிலிருந்து இறங்கித் தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் கடற்படிவுப் பாறைகளை ஆராய்ந்து 1862-இல் வெளியிட்டார். 1865-இல் சால்ட்டர் என்பவருடன் இணைந்து, இமயத்தின் நீதிக் கணவாய்ப் பகுதியில் ரிச்சர்டு ஸ்ட்ராச்சி சேகரித்த சுவடுகளை விவரித்தார். சுவடே இல்லாத மலை, சுவடுகள் நிறைந்த தமிழ்ச் சமவெளி, சாளக்கிராமத்தின் உறவுக் கற்கள் நிறைந்த இமயம் ஆகிய மூன்றையும் ஒருவரே எழுதியது குறிப்பிடத்தக்கது. பிற்காலத்தில் அவர் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராகி, இமயப் பனியைக் கொண்டு பருவமழையை முன்கூற முயன்றார்.

இமயத்தின் இக்கரும் பாறைகளில் கிடைத்த அம்மோனைட்டுகளை விக்டர் ஊலிக் என்னும் ஆஸ்திரிய அறிஞர் விரிவாக ஆராய்ந்தார். வாலிச்சி முதலியவற்றைத் தனிப் பேரினமாகப் பிரித்து அவர் பிளான்ஃபோர்டியா என்றார். அப்பெயர் முன்னரே வேறோர் உயிரினத்துக்கு வழங்கியமையால், 1907-இல் கோஸ்மான் என்பவர் அதனைப் பிளான்ஃபோர்டிசெராஸ் என மாற்றினார். இறுதியில் உள்ள செராஸ் என்பது கொம்பு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். இப்பேரினத்தின் சுருள்கள் ஒன்றையொன்று மூடிவிடாமல் அகன்று தெரிகின்றன. ஓட்டின் பக்கங்களில் திண்ணிய விலா வரிகள் எழுந்து, பல இடங்களில் நடுவே இரண்டாகப் பிரிந்து புறவிளிம்பை நோக்கிச் செல்கின்றன. மையத்திலிருந்து ஆரங்கள் விரியும் சக்கரத்தின் தோற்றத்தைச் சாளக்கிராமத்துக்குத் தருபவை இவ்வரிகளே. எல்லாச் சாளக்கிராமங்களும் இவ்வொரு பேரினத்தையே சேர்ந்தவை அல்ல. பெரிஸ்பிங்க்டிஸ் குடும்பம் முதலியவற்றின் சுவடுகளும் அவற்றுள் அடங்கும். உள்ளே சக்கரமே இல்லாத உருண்டைகளும் உண்டு.

கடலடி மலையான வரலாறு

பிளான்ஃபோர்டிசெராஸ் வாழ்ந்த காலம் ஜுராசிக் காலத்தின் இறுதி. அஃதாவது இன்றைக்கு 15 கோடி ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. அன்று பாரத நிலம் தெற்கே பெருங்கண்டம் ஒன்றன் பகுதியாக இருந்தது. அதன் வடகரையில் டெத்திஸ் என்னும் கடல் இருந்தது. இறந்த அம்மோனைட்டுகளின் ஓடுகள் அக்கடலடியின் கருஞ்சேற்றில் புதைந்தன. ஓட்டைச் சுற்றிலும் சேற்றில் கரைந்திருந்த சுண்ணமும் இரும்பும் திரண்டு இறுகின. அதனால் மெல்லிய களிப்பாறையின் நடுவே கெட்டியான கரும் உருண்டைகள் உண்டாயின. இப்பாறைக்கு இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கைக் கொண்டு ஸ்பிதி களிப்பாறை எனப் பெயர். ஸ்பிதி முதல் நீதி வழியாக நேபாளம் வரை இது நீண்டு செல்கிறது.

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் பாரத நிலம் ஆசியாவோடு மோதத் தொடங்கியது. கடலடி மடிந்து உயர்ந்து மலையாயிற்று. காளி கண்டகி, 8,167 மீட்டர் உயரமுள்ள தவளகிரிக்கும் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணாவுக்கும் நடுவே மலையை அறுத்துக்கொண்டு தெற்கே இறங்குகிறது. முக்திநாத் 3,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. அதனைச் சூழ்ந்த களிப்பாறைகளை மழையும் பனியும் கரைக்கின்றன. மென்மையான பாறை பொடியாகிப் போக, கெட்டியான உருண்டைகள் எஞ்சி ஆற்றில் உருண்டு வழவழப்பாகின்றன. உருளும் வழியில் சில உடைந்து திறக்கின்றன. அப்போது ஒரு பாதியில் புடைத்த சக்கரமும், மறுபாதியில் அதன் பள்ளமான அச்சும் வெளிப்படுகின்றன. புராணங்கள் கூறும் துவாரமும் வதனமும் இவ்வாறு திறந்த இடங்களே எனலாம்.

இவ்விடத்தில் நேபாளத்து நீலகிரியை நோக்க வேண்டும். அதுவும் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லால் ஆனதே. அம்மலையைக் கொண்டே அச்சுண்ணாம்புக்கல் வரிசைக்கு நீலகிரி என்று நிலவியலார் பெயரிட்டுள்ளனர். ஆனால் அது ஆர்டோவிசியன் காலத்தது. 44 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அம்மோனைட்டுக் குலம் தோன்றுவதற்கு முன்னரே படிந்தமையால் அதனுள் இச்சக்கரம் இராது. சக்கரமுள்ள களிப்பாறை அதற்கு வடக்கே, ஜோம்சோம், காக்பேணி, முக்திநாத் பக்கத்தில் உள்ளது. ஒரே பள்ளத்தாக்கில் அருகருகே நிற்கும் மலைகளிலும் ஒன்றில் உள்ளது மற்றொன்றில் இல்லை.

உதகை நீலகிரியின் கல்

தமிழகத்து நீலகிரியின் கல் கடலடியில் படிந்ததே அன்று. அது சார்னோக்கைட்டு எனப்படும் கருநிறப் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியுள்ள பலகை சென்னைப் பக்கத்துக் கல்லால் ஆனது. அதனைக் கருதித் தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலார் 1893-இல் இப்பெயரை இட்டார். நீலகிரியில் இப்பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் கீழ் இருபது கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருவானது. ஓடுடைய உயிர் எதுவும் உலகில் தோன்றாத காலம் அது. ஓர் ஓடு அங்கே இருந்திருந்தாலும் அவ்வெப்பத்திலும் அழுத்தத்திலும் அதன் உருவம் எஞ்சியிராது. எனவே குன்னூரிலோ கோத்தகிரியிலோ கூடலூரிலோ பாறையினுள் அம்மோனைட்டுச் சுவடு கிடைத்தது என்று எவரேனும் கூறின், அது வேற்றிடத்திலிருந்து கொணர்ந்ததாகவோ, வேறொன்றாகவோதான் இருக்கும்.

வேறொன்றை அதுவாக மயங்குவதற்கு அம்மலையில் இடமும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் திறக்கப்பட்ட மலை ரயில் பாதையின் வெட்டுகளிலும், தேயிலைத் தோட்டச் சாலைகளின் ஓரங்களிலும், உரிந்துவரும் உருண்டைக் கற்களைக் காணலாம். சார்னோக்கைட்டின் வெடிப்புகளில் நீர் புகுந்து, மூலைகளை முதலில் கரைத்து, வெங்காயத்தின் தோல்போல அடுக்கடுக்காக உரிக்கிறது. நடுவே கெட்டியான உருண்டை எஞ்சி நிற்க, அதனைச் சுற்றி வளையங்கள் தோன்றும். இவ்வளையங்கள் ஒவ்வொன்றும் தன்னளவில் மூடிய வட்டம். சாளக்கிராமச் சக்கரமோ ஒரே தொடராகச் சுருண்டு விரியும் சுருள். அதன்மேல் குறுக்கு வரிகள் உண்டு. விரலால் வளையத்தைத் தொடர்ந்து சென்று, புறப்பட்ட இடத்துக்கே வந்தால் அது கல் உரிந்த தடம்; சுற்றுதோறும் மையத்தை விட்டு விலகினால் அது ஓட்டின் சுருள். பவானி, மாயாறு, பைக்காரா ஆறுகளின் உருண்டைக் கற்களுக்கும் இச்சோதனை பொருந்தும்.

நீலகிரியில் பண்டைய உயிர்களின் தடம் அறவே இல்லை என்பதும் அன்று. உதகைக்கு அருகே சாண்டிநல்லா போன்ற பள்ளத்தாக்குகளின் சதுப்புகளில், பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த புல் பூண்டுகளின் கரிமண் உள்ளது. அதனை ஆராய்ந்து, பனியூழிக்காலத்தில் அம்மலையில் புல்வெளியும் சோலையும் மாறி மாறிப் பெருகியதை அறிஞர் கண்டறிந்துள்ளனர். கோடி ஆண்டுகளை நோக்க அது நேற்றைய செய்தி.

அரியலூர்ச் சக்கரங்கள்

நீலகிரியில் இல்லாதது அரியலூரில் மிகுதியாக உள்ளது. அங்குள்ள கடற்படிவுகளைப் பிளான்ஃபோர்டு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். அவற்றின் அம்மோனைட்டுகளை பெர்டினாண்டு ஸ்டோலிச்கா 1860-களில் படங்களோடு விவரித்தார். பிரான்ஸ் கோஸ்மாட் 1890-களில் அவ்வாராய்ச்சியைத் திருத்தி விரித்தார். காரை என்னும் ஊரை அடுத்த செம்மண் ஓடைகளில் இன்றும் சுருள் ஓடுகள் வெளிப்படுகின்றன. இவை கிரட்டேசியக் காலத்தவை. சாளக்கிராமச் சுவடுகளுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிற்பட்டவை. திருவரங்கத்துக்கு மிக அண்மையில், காவிரியின் வடபால், இத்தனை சக்கரங்கள் நிலத்தில் கிடந்தும், சாளக்கிராமத்துக்குப் பதிலாக இவற்றை ஆராதிக்கும் மரபு எழவில்லை.

இதனினும் வலிய சான்று ஒன்று உண்டு. பிளான்ஃபோர்டிசெராஸ் என்னும் அதே பேரினத்தின் சுவடுகள் மடகாஸ்கரிலும் அர்ஜென்டினாவிலும் அண்டார்க்டிகாவிலும் கிடைத்துள்ளன. அந்நிலங்களெல்லாம் முற்காலத்தில் பாரத நிலத்தோடு ஒரே கண்டமாக இணைந்திருந்தவை; ஆதலால் அவற்றின் கடற்கரைகளில் ஒத்த உயிர்கள் வாழ்ந்தன. உயிரியல் இவற்றைக் கண்டகிக் கல்லோடு ஒரே சாதியில் வைக்கிறது. சாஸ்திரமோ கண்டகி க்ஷேத்திரத்துச் சிலையை மட்டுமே சாளக்கிராமம் என்கிறது. சாதியால் அன்று, க்ஷேத்திரத்தால் அமைவது சாளக்கிராமத்துவம் என்பது இதனால் தெளிவாகும்.

சக்கரக் குறி ஒன்றே போதும் என்று சாஸ்திரம் கருதவில்லை என்பதற்குத் துவாரகா சிலையும் சான்று. துவாரகையில் கிடைக்கும் அச்சிலையிலும் சக்கரக் குறி உண்டு. அது பவள உயிர்களின் கூட்டால் அமைந்தது. புராணங்கள் அதனையும் புகழ்ந்து, சாளக்கிராமத்தோடு சேர்த்து ஆராதிப்பதைச் சிறப்பாகக் கூறுகின்றன. ஆயினும் அதனைச் சாளக்கிராமம் என்று கூறவில்லை. இரண்டு க்ஷேத்திரங்கள், இரண்டு சிலைகள், இரண்டு பெயர்கள்.

வச்சிரகீடம்

பிரம்மவைவர்த்த புராணம், துளசியின் சாபத்தால் எம்பெருமான் கண்டகிக் கரையில் மலையாக நிற்பதையும், வச்சிரகீடம் என்னும் பூச்சிகள் தம் கூரிய பற்களால் அக்கல்லைக் குடைந்து சக்கரங்களை அமைப்பதையும் கூறுகிறது. சக்கரத்தின் வடிவுக்கு ஓர் உயிரின் வினையே காரணம் என்று இக்கதை கொள்கிறது. ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டிலும், இத்தகைய சுருள்கள் கல்லிலேயே தாமாக முளைத்த விளையாட்டு வடிவங்கள் என்று கருதியோர் பலர்; அவை முன்பு வாழ்ந்த உயிர்களின் ஓடுகளே என்று ராபர்ட் ஹூக் வாதிட வேண்டியிருந்தது. அவ்வகையில் புராணக் கூற்று வியப்புக்குரியது.

எனினும் இங்கு எல்லை கடந்து பேசலாகாது. புராணம் கூறுவது முன்னே கல், பின்னே பூச்சி என்னும் முறை. நிலவியல் கூறுவது முன்னே உயிர், பின்னே அதன் ஓட்டைச் சூழ்ந்து இறுகிய சேறு, அதன்பின் கல் என்னும் முறை. பூச்சி கல்லைக் குடையவில்லை. சேறே ஓட்டைக் காத்தது. இரண்டும் ஒன்றே என்று சாதித்து, அம்மோனைட்டைப் புராணம் முன்னரே அறிந்திருந்தது என்று கூறுவோர், புராணத்துக்கும் நியாயம் செய்யவில்லை. நிலவியலுக்கும் நியாயம் செய்யவில்லை. எம்பெருமான் அடியார் பொருட்டுத் தாழ்ந்து, சாபத்தையும் ஏற்றுக் கல்லாக நிற்கும் எளிமையே அக்கதையின் தாத்பரியம். சக்கரத்தின் இயற்பியல் அன்று.

ஆட்சேபமும் சமாதானமும்

இறந்த உயிரின் உடற்பகுதி அசுத்தம் ஆகாதோ என்பது ஆட்சேபங்களுள் முதலாவது. இதற்கு இரு வகையில் சமாதானம் கூறலாம். சங்கும் கடலுயிரின் ஓடே. அதனால் எம்பெருமானுக்குத் தீர்த்தம் சமர்ப்பிக்கப்படுகிறது. அவன் திருக்கையிலும் அது விளங்குகிறது. சுத்தம், அசுத்தம் என்பவை சாஸ்திரத்தால் அறியப்படுபவையேயன்றி, பொருளின் பிறப்பு ஒன்றாலேயே அளக்கப்படுபவை அல்ல. அன்றியும், சாளக்கிராமத்தில் எஞ்சியுள்ளது பெரும்பாலும் ஓடே அன்று. ஓட்டின் சுண்ணம் கரைந்தோ மாறியோ போக, அது விட்ட வடிவைச் சேறும் தாதுவும் நிரப்பி நிற்கின்றன. வடிவம் உயிருடையது, பொருள் கல்லுடையது.

இரண்டாவது ஆட்சேபம், இயற்கைக் காரணம் தெரிந்தபின் தெய்வத் தன்மை எங்ஙனம் கூறுவது என்பது. கண்ணால் காண்பதும் அனுமானத்தால் பெறுவதும் தத்தம் எல்லையில் பிரமாணங்களே என்பதை ஆசாரியர்கள் மறுத்ததில்லை. அவை எட்டாத இடத்தில் பொருளை உணர்த்துவதே சாஸ்திரத்தின் பயன். கல் எவ்வாறு உண்டாயிற்று என்பது முன்னவற்றின் எல்லைக்குட்பட்டது. எம்பெருமான் அதனில் விசேஷ சந்நிதானம் கொண்டிருக்கிறான் என்பது எந்த நுண்ணாடியாலும் காட்டவோ மறுக்கவோ இயலாதது. மேலும், அசித்தும் அவனுக்குச் சரீரமே என்று கொள்ளும் சித்தாந்தத்தில், 15 கோடி ஆண்டு நிகழ்ந்த கடலும் சேறும் மலையும் ஆறும் அவன் சங்கல்பத்துக்குப் புறம்பானவை அல்ல. இயற்கைக் காரணத்தைக் காட்டியதால் ஈச்வரன் விலக்கப்பட்டான் என்னும் வாதம், இச்சித்தாந்தத்தின்முன் எழவே இடமில்லை.

மூன்றாவது ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வருவது: எல்லாம் அவன் சரீரமாயின், நீலகிரிக் கல்லும் அரியலூர்ச் சுருளும் மட்டும் ஏன் விலக்கப்பட வேண்டும்? அவை விலக்கப்படவில்லை, ஆராதனைக்கு விதிக்கப்படவில்லை, அவ்வளவே. எங்கும் வியாபித்திருத்தல் வேறு, அர்ச்சையாக ஏறியருளப்பண்ணுதற்கு ஓரிடத்தை உகத்தல் வேறு. எல்லா நீரும் நீரே ஆயினும் கங்கையைக் கங்கை என்பதுபோல, அவன் உகந்தருளிய இடத்தைக் கொண்டே இது அமைகிறது.

இதன் நடைமுறைப் பயன் சிறிதன்று. சாளக்கிராமம் என்று சொல்லி விற்கப்படும் கற்களுள், கருங்கல்லில் கருவியால் சுருள் செதுக்கியவையும், வேற்று நாட்டு அம்மோனைட்டுகளும் கலந்துள்ளன. செதுக்கிய சுருளில் கோடுகள் ஒரே ஆழத்தில் ஒரே அகலத்தில் செல்லும். இயற்கைச் சுவட்டில் மையத்தை நோக்கிச் செல்லுந்தோறும் சுருள் ஒழுங்காகக் குறுகும். விலா வரிகள் பிரியும். உடைந்த இடத்தில் எதிரச்சு தெரியும். வேற்று நாட்டு அம்மோனைட்டோ இயற்கைச் சுவடே ஆதலின் இச்சோதனையில் தேறிவிடும்; கல்லைக் கண்டு மட்டும் அதனை விலக்க இயலாது. அங்கே வந்த வழியே சான்று. சாளக்கிராமத்தை விலை பேசுதலைப் புராணம் கண்டிக்கிறது. ஆசாரியரிடமிருந்தோ பெரியோரிடமிருந்தோ பெறுவதே சிஷ்டாசாரம். க்ஷேத்திரத்தால் அமையும் ஒரு பொருளுக்கு, அது அங்கிருந்து வந்தது என்று உறுதி கூறும் பரம்பரையே பாதுகாப்பு என்பது இவ்விதியின் உட்கருத்தாகக் கொள்ளத்தகும்.

உதகையிலும் குன்னூரிலும் தொழில் நிமித்தம் குடியேறிய குடும்பங்கள் தங்கள் திருவாராதனப் பெருமாளையும் உடன் எழுந்தருளப்பண்ணிச் சென்றன. 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறைமேல் அமைந்த இல்லத்தில், 15 கோடி ஆண்டுப் பழமையுள்ள கடற்சுவடு நாள்தோறும் திருமஞ்சனம் கண்டருளுகிறது. இவ்விரண்டின் வயதையும் நிலவியல் சொல்லும். அவற்றுள் எது ஆராத்யம் என்பதைச் சாஸ்திரம் சொல்லும். இரண்டையும் தத்தம் இடத்தில் வைத்துக் கேட்பவர்க்கு முதல் வினாவால் அச்சமும் இல்லை, இரண்டாம் வினாவால் மயக்கமும் இல்லை.